கையில் மைக்கா, கன்னத்தில் மைக்கா?

ஆராதனை நடத்துகிறவர்கள் ஹெட்செட் மைக் பற்றிக் கேட்டவற்றில் சில, இந்த முறை.

கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறேன். ஸ்டாண்டு மைக்குக்காகக் கழுத்தை நீட்டி நீட்டி வலி வந்துவிட்டது. ஹெட்செட் வாங்கலாமா ஐயா?

தாராளமாக வாங்குங்கள். இரண்டு கையும் வேலையாக இருப்பவர்களுக்காகத்தான் இது உண்டானது. 1979-இல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் மேடையில் ஆடிக்கொண்டே பாட வேண்டியிருந்தது. அவருடைய சவுண்ட் இன்ஜினியர் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்து, அதில் சின்ன மைக்கைப் பொருத்திக் கொடுத்தார்.

ஆனால் வாத்தியம் எதுவும் வாசிக்காமல் பாட மட்டும் செய்பவர் என்னிடம் கேட்டால், கை மைக்கையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நல்ல பாடகரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? சரணம் உச்சத்துக்கு ஏறும்போது மைக் தானாக ஒரு சாண் விலகும். மெல்லிய வரி வந்தால் உதட்டருகே வந்துவிடும். ஹெட்செட்டில் அந்தக் கை இல்லை. அந்த வேலையை, உரத்த சத்தத்தைத் தானாக அடக்குகிற கம்ப்ரஸர்தான் செய்ய வேண்டும். அடக்கும் விகிதத்தை (ரேஷியோ) 3:1 அல்லது 4:1 வைத்து, உரத்துப் பாடும்போது மட்டும் நாலைந்து டெசிபல் இறங்குகிற மாதிரி மிக்சர் ஆபரேட்டரைச் செய்யச் சொல்லுங்கள். அதோடு, தினசரிப் பயிற்சியில் உங்கள் குரலையே கொஞ்சம் அடக்கி ஏற்றிப் பழகுங்கள்.

எங்களுடையது ஷீட் கூரை போட்ட சின்ன சபை. ஹெட்செட் போட்ட நாளிலிருந்து ஒரே ‘கூய்’ சத்தம். டிரம்ஸும் அதில் சேர்ந்து கேட்கிறது.

உங்கள் மைக் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஆம்னி என்றால் நாலாபக்கத்துச் சத்தத்தையும் எடுக்கும். கார்டியாய்டு முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் எடுக்கும். டிபிஏ கம்பெனியின் 4066 மைக் முதல் வகை, அதே கம்பெனியின் 4088 இரண்டாம் வகை. ஷ்யூர் எஸ்எம்35-உம் கார்டியாய்டுதான். ஆம்னியில் குரல் இயல்பாக வரும், சற்று நகர்ந்தாலும் மாறாது. ஆனால் டிரம்ஸ் பக்கத்திலேயே இருக்கிற உங்கள் இடத்துக்குக் கார்டியாய்டே சரி.

அப்புறம், அதை எங்கே வைக்கிறீர்கள் என்பது. நான் பார்த்த சபைகளில் பாதிப் பிரச்சினை இதில்தான். பலர் மைக்கைக் கன்னத்தின் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள், குரல் போதவில்லை என்று ஆபரேட்டர் கெயினை, அதாவது மிக்சரில் மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றுகிறார், கூவத் தொடங்குகிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். கெயினைத் தொடாமலே கிடைக்கிற லாபம் அது. உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் அகலம், வாய்க்கு நேரே இல்லாமல் ஓரமாக: அதுதான் இடம். கார்டியாய்டின் முகம் வாயைப் பார்த்திருக்க வேண்டும். அது கொஞ்சம் திருகிக்கொண்டாலும் குரல் மெலிந்து, டிரம்ஸ் முன்னே வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் போட்டதும் விரலால் தொட்டுச் சரிபாருங்கள்.

மெயின் ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னால்தானே இருக்கிறது? பின்னால் இருந்தால் அதன் சத்தமே மறுபடி மைக்கில் நுழைந்து கூவும், வேறு எதைச் செய்தும் பயனில்லை.

ஜெபிக்கும்போது சேலையால் முக்காடு போடுவேன். ‘கரகர’ என்று சத்தம் வருகிறது.

சகோதரி, துணி மைக்கின் கம்பியில் உரசுகிறது. கம்பி துணிக்குள் போகாமல் இருக்க முடியாது. ஆனால் அசையாமல் இருக்க முடியும். ஒரு காதில் மாட்டுகிற வகையாக இருந்தால், முந்தானை வராத பக்கத்துக் காதில் மாட்டுங்கள். காதுக்குக் கீழே தாடையோரம் சின்னத் துண்டு மருத்துவ டேப் ஒட்டுங்கள். ஒயரைப் பின்கழுத்தில் கொஞ்சம் தளர்வு விட்டு, ரவிக்கையின் பின்பக்கம் பின் குத்துங்கள். கம்மல் தொங்குகிற வகையாக இருந்தால் அன்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் தட்டும். ஒயர் போய்ச் சேருகிற சின்ன டிரான்ஸ்மிட்டர் பெட்டியை, அதாவது பாடி பேக்கை, புடவைக் கொசுவத்தில் செருகாதீர்கள். இடுப்பில் கட்டுகிற துணிப் பை தைத்துக்கொண்டால் விழாது, ஆன்டெனாவும் மடங்காது.

‘ஸ்தோத்திரம்’ சொல்லும்போதெல்லாம் ‘ஸ்’ சீறுகிறது.

மைக்கை வாய்க்கு முன்னாலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். மிச்சத்தை, ‘ஸ்’ சீறலை மட்டும் அடக்குகிற டி-எஸ்ஸர் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மிக்சரில் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கொஞ்சம் குறைத்தால் போதும்.

மே மாதம் வந்தாலே பாட்டு நடுவில் சத்தம் மங்கிவிடுகிறது. மைக் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் வியர்வைதான். கம்பி வழியாக இறங்கி மைக் முனையில் தேங்கும், காய்ந்தால் சரியாகிவிடும். உப்பு மட்டும் உள்ளே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஆராதனை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். மைக் முனையை மூடுகிற ஸ்பாஞ்சை மட்டும் தனியே கழற்றிக் கழுவி முழுவதும் காயவிடுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே நிற்பவர்கள் ஸ்பாஞ்சு இல்லாமல் பாடவே கூடாது.

மியூட் பட்டனை யார் கையில் வைப்பது?

ஆபரேட்டர் கையில். கை மைக்கைக் கீழே இறக்கினால் போதும். ஹெட்செட் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சபையில், ஆராதனை நடத்தியவர் திரும்பி கீபோர்டு வாசித்த பையனிடம் “ஸ்கேல் தப்பு, கவனிக்க மாட்டியா” என்று மெதுவாகத்தான் சொன்னார். சபை முழுவதும் கேட்டது. அன்று மிக்சரில் நின்றது நான். அடுத்த இரண்டு ஞாயிறும் அந்தப் பையன் வரவில்லை. அதிலிருந்து, பேக்கிலுள்ள மியூட்டைப் பாடுகிறவர் தொடாதபடி லாக் செய்துவிடுகிறேன்; பாட்டு முடிந்து அவர் முகம் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பும்போதே என் விரல் அந்த சானலின் மேல் இருக்கும்.