டைக்கிரி முதல் பஞ்ச் வரை: வீட்டில் ரம் காக்டெய்ல், கேள்வி பதில்

ஹோட்டல் பாரில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அளவுகள் எல்லாம் ஒரு கிளாஸுக்கு. சர்க்கரைப் பாகு என்று நான் எழுதும் இடத்திலெல்லாம், சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் சேர்த்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி ஆறவைத்தது என்று பொருள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம்.

அண்ணா, இதுவரை ரம்மில் கோலா ஊற்றிக் குடித்ததுதான் பழக்கம். முதலில் எதைக் கற்றுக்கொள்ளலாம்? (மதுரை)

டைக்கிரி. ரம், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். பொருள் மூன்றே என்பதால் எதில் கோளாறு என்று நாக்குக்கு உடனே தெரிந்துவிடும்.

கியூபாவின் கிழக்கே, சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் டைக்கிரி என்று ஓர் ஊர். அங்கே இரும்புச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த அமெரிக்கர் ஜென்னிங்ஸ் காக்ஸ் 1898 வாக்கில் இதைக் கலந்தார் என்று சொல்வார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளைகிற தீவுகளில் இந்த மூன்றையும் அதற்கு முன்பே யாரோ கலந்து குடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பெயர் நிலைத்தது அவரால்.

வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, பாகு 20. நிறைய ஐஸ் போட்டு, பாத்திரத்தின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி பூக்கும் வரை ஓங்கிக் குலுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு வினாடி போதும். ஃப்ரீஸரில் வைத்த கிளாஸில் வடிகட்டி, சில்லென்று இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். புளிப்புத் தூக்கலாக இருந்தால் பாகு கால் ஸ்பூன், தித்திப்பாக இருந்தால் சாறு நாலு சொட்டு. இப்படி இரண்டு மூன்று முறை சரிசெய்து பார்த்தவருக்கு மற்ற ரம் காக்டெய்ல் எதுவும் சிரமமாக இராது.

வெளிநாட்டுச் செய்முறைகளில் சாறு 25, 30 என்றுகூட இருக்கும். அது அங்கே கிடைக்கும் பெரிய பச்சைக் காயின் கணக்கு. நம் ஊர் நாட்டு எலுமிச்சைக்குப் புளிப்பும் வாசமும் கூடுதல், அதனால்தான் 20 என்றேன். "ஒரு பழம்" என்று கணக்கு வைக்காதீர்கள். ஒன்றில் 10 மி.லி. வரும், இன்னொன்றில் 25 வரும். பிழிந்து அளந்து ஊற்றுங்கள்.

ஷேக்கர், அளவுக் கிண்ணம் எதுவும் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 என்று கோடு இருக்கும். அதைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். குலுக்க, வாய் அகன்ற எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். கண்ணாடி ஜாடியில் ஐஸ் போட்டு வேகமாகக் குலுக்கினால் விரிசல் விடலாம், அது வேண்டாம். வடிகட்ட டீ வடிகட்டி. சோடாவையோ கோலாவையோ மட்டும் உள்ளே ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள். திறந்ததும் கூரை வரை போகும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஐஸுக்குச் செலவழியுங்கள். பெரிய கட்டி விழும் சிலிகான் தட்டு ஒன்று வாங்குங்கள். மீன் பக்கத்தில் திறந்து கிடந்த ஐஸில் செய்த காக்டெய்லை எந்த ரம்மாலும் காப்பாற்ற முடியாது.

வீட்டில் ஓல்டு மாங்க் மட்டும்தான் இருக்கிறது. டைக்கிரி, மொஹிட்டோ எல்லாம் அதில் வருமா?

வரும், ஆனால் வேறு பானமாக வரும். 1954 முதல் இருக்கிற ரம் அது. வெனிலா, கருகிய சர்க்கரை வாசம் முன்னால் நிற்கும், லேசான தித்திப்பும் உண்டு. டைக்கிரிக்குப் பாகை 20-லிருந்து 15-ஆகக் குறையுங்கள். மொஹிட்டோவில் புதினாவை அது அமுக்கிவிடும், அதற்கு வெள்ளை ரம்தான் சரி. இஞ்சி, கோலா, ஜாதிக்காய் சேரும் பானங்களில் அது ராஜா.

நிறத்தைப் பார்த்து வயதை எடைபோட வேண்டாம். கறுப்பாக இருப்பது பல சமயம் கேரமல் சேர்த்ததால். வெள்ளை ரம்மிலும் மரப்பீப்பாயில் ஊறவைத்து, பிறகு கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்தவை உண்டு.

என் மொஹிட்டோ எப்போதும் கசக்கிறது. புதினா சரியில்லையா?

புதினா நல்லதுதான், நீங்கள் அதைத் துவையலுக்கு இடிப்பதுபோல் இடிக்கிறீர்கள். வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. இலை கிழிந்தால் உள்ளே இருக்கும் பச்சைக் கசப்பு இறங்கும். எட்டுப் பத்து இலையைப் பாகு 20 மி.லி.யோடு கிளாஸின் அடியில் போட்டு, மத்தின் அடிப்பக்கத்தால் நாலு அழுத்து அழுத்துங்கள், போதும். அப்புறம் சாறு 20, வெள்ளை ரம் 60, ஐஸ், மேலே சோடா. நீளமான ஸ்பூனால் கீழிருந்து மேலே ஒரு கிளறு. ஒரு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி ஸ்ட்ராவுக்குப் பக்கத்திலேயே செருகினால் ஒவ்வொரு வாய்க்கும் மூக்குக்கு வாசம் வரும்.

கசப்புக்கு இன்னொரு காரணம், எலுமிச்சையைத் தோலோடு துண்டு போட்டு இடிப்பது. சாறு மட்டும் போதும்.

அண்ணை, நான் டொரொன்டோவில இருக்கிறன். இஞ்ச தென்னஞ் சாராயம் கிடைக்குது. ரம்முக்குப் பதிலா அதைப் பாவிக்கலாமோ?

தாராளமாகப் பாவியுங்கோ தம்பி. ரம் பஞ்ச் பேர் எடுப்பதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், நம் கடற்கரைகளுக்கு வந்த ஆங்கிலேயர்கள் சாராயத்தில்தான் பஞ்ச் கலந்தார்கள். தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்தது என்பதால் கரும்பு ரம்மைவிட நாக்கில் லேசானது, பூ வாசம் கூடியது. டைக்கிரி அளவையே வைத்து, பாகுக்குப் பதில் கித்துள் பாணியை (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) சம அளவு வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பாருங்கள். எலுமிச்சை அங்கே கடையில் மஞ்சள், பச்சை இரண்டு நிறத்திலும் கிடைக்கும், பச்சையை எடுங்கள்.

பினா கொலாடாவுக்கு டின் கோக்கனட் கிரீம் கிடைக்கவில்லை. வீட்டுத் தேங்காய்ப் பால் ஊற்றலாமா சார்? (நாகர்கோவில்)

நாகர்கோவிலில் இருந்துகொண்டு டின்னைத் தேடுகிறீர்களே!

இந்தப் பானம் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரத்துக் கரீபே ஹில்டனில் 1954-ல் பிறந்தது என்பார்கள். அங்கே பாரில் நின்ற ரமோன் மர்ரேரோ பெயரைச் சொல்வார்கள். உரிமை கொண்டாடும் வேறு ஆட்களும் உண்டு. 1978-ல் அந்தத் தீவின் அதிகாரபூர்வ பானமாகவே ஆக்கிவிட்டார்கள். அதில் சேர்வது கோக்கோ லோப்பஸ் மாதிரியான, சர்க்கரை கொட்டிய கெட்டிக் கிரீம். வெறும் தேங்காய்ப் பாலை ஊற்றினால் சப்பென்று தண்ணீராக இருப்பது அதனால்தான்.

முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி, அரை டம்ளர் வெந்நீர் மட்டும் விட்டு அரைத்து முதல் பால் பிழியுங்கள். இரண்டாம் பால் குழம்புக்குப் போகட்டும். எவ்வளவு பால் வந்ததோ அதில் முக்கால் பங்கு எடைக்குச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பைச் சிறிதாக வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் ஆவி கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு உறையும். பயப்படாமல் வெளியே எடுத்து வைத்து இளகியதும் கலக்குங்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

இந்தக் கிரீம் 45, அன்னாசிச் சாறு 90, வெள்ளை ரம் 60, ஒரு கை நொறுக்கிய ஐஸ், மிக்ஸியில் ஒரு சுற்று. எலுமிச்சை 10 மி.லி. நானாகச் சேர்ப்பது. அது இல்லாமல் எனக்குத் திகட்டும்.

மை டாய் என்றால் அன்னாசி ஜூஸ், சிவப்பு சிரப், குடை, எல்லாம் போட்டுத் தருகிறார்களே, அதுதானா?

இல்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் விக்டர் பெர்ஜெரன் 1944-ல் கலந்ததாகச் சொன்னதில் அன்னாசியே கிடையாது. 17 ஆண்டு ஊறிய ஜமைக்கா ரம் ஒன்று கையில் இருந்தது, அதன் ருசி தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்னால் ஹவாய்க்குப் போனபோது அன்னாசி ஒட்டிக்கொண்டது.

ஊறிய ரம் 60, ஆரஞ்சு கியூரசாவோ (ஆரஞ்சுத் தோல் வாசமுள்ள இனிப்பு மது) 15, பாதாம் சிரப் 15, எலுமிச்சை 20, பாகு ஒரு ஸ்பூன். பாதாம் சிரப் வீட்டிலேயே வரும்: 100 கிராம் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, 200 மி.லி. தண்ணீரில் அரைத்துத் துணியில் பிழிந்து, பாலின் எடைக்கு எடை சர்க்கரை போட்டு லேசாகச் சூடுகாட்டிக் கரைத்தால் முடிந்தது. பன்னீர் இரண்டு சொட்டு, அதற்கு மேல் போனால் கல்யாண வீட்டு வாசம் வந்துவிடும். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருக்கிறதா என்று விருந்தினரைக் கேட்காமல் இதை நீட்டாதீர்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். எழுத்தாளர் ஹெமிங்வே சர்க்கரை இல்லாத டைக்கிரிதான் குடித்தார் என்கிறார்களே, அதைச் செய்யலாமா?

ஹவானாவின் எல் ஃப்ளோரிடிட்டா பாரில் அவருக்குச் சர்க்கரை இல்லாமல், ரம் இரட்டிப்பாகக் கலந்தார்கள் என்பது பிரபலம். ஆனால் இன்று அவர் பெயரில் வரும் டைக்கிரியில் மராஸ்கினோ லிக்யூர் (செர்ரியில் செய்த இனிப்பு மது) சேர்கிறது, அதில் சர்க்கரை உண்டு. அதைவிட முக்கியம்: இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு மது, ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடும், சில மணி நேரம் கழித்துக்கூட. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர், நான் அல்ல.

ஜிஞ்சர் பீர் கிடைக்காத ஊரில் டார்க் அண்ட் ஸ்டார்மி செய்ய வழி உண்டா?

உண்டு. பெர்முடாக்காரர்களின் பானம் இது. அந்தப் பெயரை கோஸ்லிங்ஸ் நிறுவனம் பதிவு செய்து வைத்திருக்கிறது, வீட்டில் குடிப்பதற்கு யாரும் வந்து கேட்கப்போவதில்லை. இஞ்சியைத் துருவிப் பிழிந்து பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வெள்ளை வண்டலை விட்டுவிட்டு மேல் சாற்றில் 15 மி.லி., பாகு 25, எலுமிச்சை 10, ஐஸ், சோடா 100. கடைசியாகக் கறுப்பு ரம் 60-ஐ ஸ்பூனின் முதுகில் மெல்ல ஊற்றினால் மேலே மேகம்போல் நிற்கும்.

ஜாம்பி காக்டெய்ல் செய்யலாமா?

வேண்டாமே. ரம் மூன்று வகை, அதில் ஒன்று 75.5 சதவீதம். 1930-களில் அதை உருவாக்கிய டான் தி பீச்கோம்பரே ஆளுக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்று விதி வைத்திருந்தார்.

வீட்டில் பத்துப் பேர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் குலுக்கிக்கொண்டு நிற்க முடியாது. என்ன செய்யலாம்?

பஞ்ச் போடுங்கள். புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நாலு என்று பார்படாஸில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. அப்படியே செய்தால் எனக்கு இனிப்பு அதிகம், அதனால் ஒன்றரையாகக் குறைத்துக்கொள்கிறேன். பத்துப் பேருக்கு எலுமிச்சைச் சாறு 200 மி.லி., பாகு 300, கறுப்பு ரம் 600, தண்ணீர் 800. தண்ணீரில் பாதிக்கு ஆறிய கட்டன் டீ ஊற்றினால் லேசான துவர்ப்பு வந்து இன்னும் நன்றாக இருக்கும். அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (சொட்டுக் கணக்கில் விடும் கசப்பு வாசனைச் சாறு) இருந்தால் பத்துச் சொட்டு, மேலே ஜாதிக்காயைத் துருவுங்கள்.

ஆளுக்கு 60 மி.லி. ரம் வரும், அதாவது ஒரு லார்ஜ். புளிப்பும் இனிப்பும் அதை மறைத்துவிடும் என்பதால் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு ரம் ஊற்றுவதற்கு முன்பே தனி ஜக்கில் எடுத்து வைத்துவிடுங்கள். சின்ன ஐஸ் கட்டிகள் அரை மணியில் கரைந்து பஞ்சைத் தண்ணீராக்கிவிடும். முதல் நாள் இரவே ஒரு சின்னக் குண்டானில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்து, மறுநாள் அந்தப் பெரிய கட்டியை அப்படியே கவிழ்த்துப் போடுங்கள்.