நாத்தனாரின் துணிக்கணக்கும் மகளின் டிசம்பர் விடுமுறையும்

கேள்வி: ஐயா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். எனக்கு வயது 43. ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, பிடித்தத்துக்கு முன் மாதம் 17,000 ராண்ட். கணவர் டெலிவரி வேன் ஓட்டுகிறார், 9,000 வருகிறது. எனக்குப் போனஸ் வரி போக 12,000 வரும். மகள் பதினொன்றாம் வகுப்பு முடிக்கிறாள். படித்தால் ஃபேஷன்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டிசம்பர் விடுமுறையில் ஒரு தனியார் நிறுவனம் ஐந்து வாரப் பயிற்சி தருகிறது. கட்டணம் 14,500 ராண்ட். ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையில் (ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதி) எனக்கு 24,000 வரை இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா? துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றையும் கைபேசி செயலி வழியாக மூன்று தவணையில் வாங்கலாம் என்கிறாள் மகள். கையில் பணமே நிற்பதில்லை. இரண்டு துணிக்கடைக் கடன் அக்கவுண்டில் 9,800, 6,400 என்று பாக்கி. அதில் 11,000 போல நாத்தனார் குடும்பம் எடுத்த துணி. அவர் முடிந்தபோது 200, 300 தருவார். இந்த 16-ஆம் தேதி விடுமுறைக்கு வருகிறார், பண்டிகைத் துணி எடுக்க. மறுத்தால் கணவர் வருத்தப்படுவார். மகளுக்கு நான் குறை வைக்கிறேனோ என்று இரவில் தூக்கம் வரவில்லை. ஆயாவின் பழைய தையல் மெஷின் ஒன்று கராஜில் கிடக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மகளின் படிப்புக்கு முக்கால் பக்கம், நாத்தனாருக்கு நான்கு வரி. நான் அந்த நான்கு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர் நீங்கள். பட்ஜெட் போடு, சேமி என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் அலுவலகத்தில் பார்க்கிற கணக்கை வீட்டில் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. சேர்ந்தே பார்ப்போம், தோராயமாக.

இரண்டு அக்கவுண்டும் சேர்த்து 16,200 பாக்கி. துணிக்கடை அக்கவுண்டுகளுக்கு வட்டி இப்போது ஆண்டுக்கு 20% பக்கம் ஓடுகிறது. மாதத்துக்கு 270 ராண்ட். சேவைக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் அறுபது சொச்சம், இரண்டுக்கும் 130. உங்களைக் கேட்டோ கேட்காமலோ சேர்த்திருக்கும் காப்பீடு ஒரு 70. ஆக 470. நீங்கள் மாதம் 900 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் அசலைத் தொடுவது 430 மட்டும். அதே மாதம் நாத்தனார் பையனுக்கு ஒரு ஜீன்ஸ், மகளுக்கு ஒரு செருப்பு என்று 500-க்கு எடுத்தால் பாக்கி 70 ராண்ட் ஏறுகிறது. நீங்கள் 900 கட்டிய மாதத்தில்! அவர் கையில் வைக்கிற 200 வட்டிக்கே போதாது.

கையில் பணம் நிற்காததற்குக் காரணம் இதுதான். மகளின் ஆசை இல்லை.

இன்னொன்று. அந்த 11,000 நாத்தனாரின் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரனைப் பொறுத்தவரை நாத்தனார் என்று ஒருவர் இல்லவே இல்லை. கையெழுத்து உங்களுடையது, அடையாள எண் உங்களுடையது. தவணை தவறினால் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறப்போவதும் உங்கள் பெயர். நாளைக்கு வீட்டுக்கடனோ கார் கடனோ கேட்கும்போது அந்த ஜீன்ஸ் வந்து எதிரில் நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பதிவேட்டை இலவசமாகக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்த வாரமே கேளுங்கள்.

சரி, சேமிப்புப் பானை. 2024 செப்டம்பரில் இந்த இரண்டு பானைத் திட்டம் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி 'எடுக்கலாமா' என்றுதான் கேட்கின்றன. எடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எடுப்பது சம்பளத்தோடு சேர்ந்து வருமானமாகிவிடும். உங்கள் படிநிலைக்கு வரி 18%. நிதி நிறுவனத்தின் கட்டணம் தனி. கையில் 14,500 வேண்டுமென்றால் பானையிலிருந்து 18,000 போக வேண்டும். விலைவாசிக்கு மேல் ஆண்டுக்கு 4% வளர்ந்தாலும், அந்தப் பணம் உங்களுடைய 63 வயதில் இன்றைய மதிப்புக்கு 39,000 ராண்ட் ஆகியிருக்கும். ஐந்து வாரப் பயிற்சிக்கு அதுதான் உண்மையான விலை. வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் எடுங்கள், நானே சொல்வேன். இதற்கு வேண்டாம்.

அந்தப் பயிற்சியைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளில் ஸ்டைலிங், ராம்ப் வாக், பிராண்ட் உருவாக்கம், சமூக ஊடகம் எல்லாம் இருக்கின்றன. ஊசி என்ற சொல் எங்கும் இல்லை. முடிவில் தரும் சான்றிதழ் தேசியத் தகுதிச் சட்டகத்தில் (அரசு ஏற்கும் படிப்புகளின் பதிவு) பதிவானதா என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால், சுவரில் மாட்டத்தான் ஆகும் அந்தச் சான்றிதழ்.

தவணைச் செயலியும் அப்படித்தான். வட்டி இல்லை என்பது உண்மை, நாள் தவறாத வரை. தவறினால் அபராதம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு முதல் மெஷினோடு சேர்த்து, பணம் வருவதற்கு முன்பே செலவழிக்கவும் ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்? வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஓவர்லாக் மெஷின் இப்போது தேவையும் இல்லை. விளிம்பு பிரியாமல் இருக்க ஜிக்ஜாக் தையல் போதும்.

கடிதத்தின் கடைசியில், ஆயாவின் பழைய தையல் மெஷின் கராஜில் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை உள்ளே கொண்டு வாருங்கள். பெல்ட், எண்ணெய், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 600 ராண்டுக்குள் முடிக்கப் பாருங்கள். பழைய கால் மெஷின் என்பதால் அதற்கு ஜிக்ஜாக் வராது என்றால், விளிம்பை மடித்து நேர்த்தையல் போடட்டும். அதுதான் சுத்தமான வேலையும்கூட.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் அம்மா டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் காலர் தைத்தவர். இந்த ஊரில் நம் வீடுகளில் பாதிக்கு அப்படி ஓர் அம்மாவோ அத்தையோ உண்டு. தொண்ணூறுகளில் இறக்குமதித் துணி வெள்ளமாக வந்து பல ஆலைகள் மூடின, அவருடையதும். யாராவது புதுச் சட்டை காட்டினால் அம்மா முன்பக்கம் பார்க்கவே மாட்டார். நேரே உள்பக்கம் திருப்பி, அக்குள் தையலைக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் இழுப்பார். நூல் பல்லைக் காட்டினால் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், ஒரு வார்த்தை பேசாமல். துணி தெரிந்தவர்கள் உங்கள் மகளின் வேலையையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆகவே விடுமுறைக்கு நான் ஒதுக்கச் சொல்வது மொத்தம் 2,000 ராண்ட். மெஷின் சர்வீஸ் போக 1,400 மிஞ்சும். அதில் வெளுக்காத காலிகோ துணி பத்து மீட்டர். (கோழிக்கோட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த சொல் அது. நம் பக்கத்துத் துணிதான், சுற்றி வந்திருக்கிறது.) பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போதைய டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் பக்கம் துணிக்கடைகளில் விலை விசாரித்து அவளே வாங்கட்டும். அளவு நாடா, நல்ல கத்தரி, தையல் பிரிக்கும் ஊசி, ஒரு தடித்த வரைபட நோட்டு.

முதல் வாரம் உங்கள் பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். துண்டுகளை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வைத்து வரைந்து, அந்த அளவில் காலிகோவில் வெட்டித் தைக்கட்டும். முதல் ரவிக்கை நிச்சயம் கோணும். கை ஏறாது, டார்ட் (உடல் வடிவத்துக்குப் பிடிக்கிற மடிப்பு) தப்பான இடத்தில் நிற்கும். அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். படம் எடுத்து, எங்கே தவறியது என்று நோட்டில் ஒட்டி எழுதி, இரண்டாவது வெட்டட்டும். கல்லூரிச் சேர்க்கைக்குக் காட்டுகிற தொகுப்புக்கு அழகான ஓவியம் பத்தை விட, இப்படிக் கோணி நேரான ரவிக்கை ஒன்று மேல் என்பது என் கருத்து.

பிறகு ஜனவரி. பள்ளி திறக்கும் முன் வாரம் சாட்ஸ்வர்த்தில் எத்தனை வீட்டில் சீருடைக் கால்சட்டை நீளமாக இருக்கும்! விளிம்பு மடித்துத் தர 50 ராண்ட் வாங்கட்டும். முப்பது உருப்படி செய்தால் 1,500, ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதையொட்டித் தைப்பூசம் வருகிறது. காவடிக்கு மஞ்சள் சேலை எடுப்பவர்களுக்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ரவிக்கை பிடிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருத்தி 'இடுப்பில் பிடிக்கிறது' என்று முகத்தைச் சுளித்து நிற்பாளே, அந்தப் பாடத்தை 14,500 கொடுத்தாலும் வாங்க முடியாது.

படிப்புச் செலவு பற்றி: மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, அடுத்த ஆண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆடை, நெசவுத் துறை இருக்கிறது. விண்ணப்பம் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக. கடைசித் தேதியை அவளையே பார்த்து நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவர் வருமானமும் போனஸும் சேர்ந்து ஆண்டுக்கு 327,000 வருகிறது. குடும்ப வருமானம் 350,000-க்குள் இருந்தால் அரசின் என்எஸ்ஃபாஸ் மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனும் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கும்தான், தனியார் கல்லூரிக்குக் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே பளபளப்பான விளம்பரத் தாள்களைத் தள்ளி வைப்பேன். ஃபேஷன் என்றால் டிசைனர் மட்டும் என்றும் அவள் நினைக்க வேண்டாம். மாதிரி வெட்டுபவர், அளவு பிரிப்பவர், கடைகளுக்குத் துணி தேர்ந்தெடுப்பவர் எல்லாம் மாதச் சம்பளத்து வேலைகள். மிஸ்டர் பிரைஸ் துணிக்கடை நிறுவனத்தின் தலைமையகமே டர்பனில்தான்.

இப்போது போனஸ். வரி போக 12,000 வரும் என்கிறீர்கள். 6,400 பாக்கி இருக்கும் அக்கவுண்டை முழுதாகக் கட்டி மூடுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் எதுவும் கேட்க முடியாது. 3,600 மற்றதுக்கு. மீதி 2,000 மகளின் விடுமுறைக்கு. பண்டிகைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். போன ஆண்டுத் துணியை மகள் திருத்தித் தரட்டும், அதுவும் பயிற்சிதான். மீதிக் கடன் 6,200. கட்டணம் ஒன்றாகிவிட்டது, வட்டி 100 சொச்சம். ஜனவரியிலிருந்து அதே 900 கட்டினால் 700 அசலுக்குப் போகும். செப்டம்பருக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு அந்த 900 அவளுடைய முதல் ஆண்டுப் பஸ் காசுக்கும் துணிக்கும்.

இதெல்லாம் ஒரு நிபந்தனையில்தான் நடக்கும்: மிஞ்சுகிற அந்த அக்கவுண்டின் கார்டில் இனி நாத்தனார் ஒரு கைக்குட்டை கூட எடுக்கக் கூடாது.

முகத்துக்கு நேரே மறுக்க உங்களால் ஆகாது, தெரிகிறது. சட்டத்தைத் துணைக்கு அழையுங்கள். கடன் வரம்பைக் குறைக்கச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் கடைக்கு எழுதிக் கொடுக்கலாம், தேசியக் கடன் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. 6,200 என்று வரம்பை வையுங்கள். நீங்கள் கேட்காமல் வரம்பை ஏற்றவும் வேண்டாம் என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். அப்புறம் அவர் வரும்போது கார்டில் இடமே இருக்காது, நீங்கள் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. கணவரிடம் மட்டும் முன்பே பேசிவிடுங்கள், அந்த 470-ஐ தாளில் எழுதிக் காட்டி. தங்கை மேல் குற்றம் சொல்லாமல் மாதக் கணக்கை மட்டும் காட்டுங்கள். பழைய 11,000-ஐ நாத்தனார் திருப்பித் தருவார் என்று எதிலும் கணக்கு வைக்காதீர்கள். தந்தால் சந்தோஷம்.

அவர் 16-ஆம் தேதி வருகிறார். வரம்புக் கடிதம் 12-ஆம் தேதிக்குள் கடையில் சேர வேண்டும். நேரில் கொண்டு போங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.