கறியை எடுத்துவிட்டால் மித்ராயெத் சைவமாகிவிடுமா?

கேள்வி: என் மகள் பிரஸ்ஸல்ஸில் மேற்படிப்பு படிக்கிறாள். நாங்கள் சைவம். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் மித்ராயெத் என்ற சாண்ட்விச்சைத்தான் வாங்கிச் சாப்பிடுகிறார்களாம். கறி வைக்காமல் வாங்கினால் அவள் சாப்பிடலாமா?

பதில்: கறி வேண்டாம் என்றால் கடைக்காரர் வைக்கமாட்டார். நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, கறியை வைத்து, உருளைக்கிழங்கு வறுவலை அள்ளிப் போட்டு, மேலே சாஸ் ஊற்றுவதுதான் மித்ராயெத். சிக்கல் அந்த வறுவலில்தான் இருக்கிறது. பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கை இரண்டு தடவை பொரிப்பார்கள். பழைய வழக்கப்படி மாட்டுக் கொழுப்பில். இப்போது தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளும் நிறைய உண்டு. ஆனால் வெளியே நின்று பார்த்து எது எந்தக் கடை என்று சொல்ல முடியாது.

போர்டில் எழுதியிருக்காதா என்பீர்கள். எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பிய விதிப்படி கடையில் செய்து விற்கும் உணவுக்கு ஒவ்வாமை தரும் 14 பொருள்களைத்தான் சொல்லியாக வேண்டும். கோதுமை, முட்டை, பால், கடுகு எல்லாம் அதில் வரும். மாட்டுக் கொழுப்பு வராது. எது சைவம் என்பதற்குத் தனி விதி கொண்டுவருவோம் என்று 2011-இல் போட்ட சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அது இன்னும் வந்த பாடில்லை.

 அதனால் டெலிவரி செயலிகளில் 'வெஜ்' என்று போட்டிருந்தால் அதை மட்டும் மகள் நம்ப வேண்டாம். கறி இல்லை என்பதை வைத்தே அப்படிக் குறித்திருக்கலாம். எதில் பொரித்தார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. 

ஹலால் போர்டைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஹலால் கடை என்றால் பன்றிக் கொழுப்பு இருக்காது, சரி. அதனால் தாவர எண்ணெய் என்று ஆகிவிடாது. ஹலால் முறையில் வெட்டிய மாட்டின் கொழுப்பும் ஹலால்தான். தாவர எண்ணெய் ஊற்றும் ஹலால் கடைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே எண்ணெயில் கோழித் துண்டையும் போடுகிறார்களா என்று அங்கேயும் கேட்டாக வேண்டும். ஆறிய வறுவலில் வெள்ளையாக உறைந்தால் மாட்டுக் கொழுப்பு என்று சிலர் சொல்லித் தருவார்கள். பாமாயிலும் அப்படித்தான் உறையும்.

கடைக்காரரிடம் நேரே கேட்பதுதான் வழி. பிரெஞ்சில் "கிரெஸ் த பெஃப்?" என்றால் மாட்டுக் கொழுப்பா என்று அர்த்தம், "உயில் வெஜெத்தால்?" என்றால் தாவர எண்ணெயா என்று. கறி பொரிக்கத் தனிச் சட்டி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போகட்டும்.

மகள் முட்டை சாப்பிடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடமாட்டார் என்றால் ஆந்தலூஸ், சாமுராய் இரண்டு சாஸும் வேண்டாம். இரண்டுக்கும் அடிப்படை மயோனைஸ்தான். கெட்சப் கேட்கலாம்.