உருக்கினால் செம்பு போகாது

கேள்வி: பழைய மோட்டார் ஸ்டார்ட்டர், கான்டாக்டர்களில் இருந்து வெள்ளி பாயிண்ட்களை (மின்சாரம் தொட்டுப் பாயும் பொட்டுகள்) கழற்றி மூசையில் (உருக்கும் கிண்ணம்) உருக்கினேன். கட்டி செம்பு நிறம் அடிக்கிறது, டச் (நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்ற அளவு) 62தான். வெண்காரம் எவ்வளவு போட்டும் ஏறவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: இனி பாயிண்ட்டை நேரே நெருப்பில் போடாதீர்கள். பழைய பாயிண்ட் பலவற்றில் வெள்ளியோடு காட்மியம் ஆக்சைடு இருக்கும். வெள்ளி உருகுவது 962 டிகிரியில், காட்மியமோ 767-லேயே கொதித்துவிடும். அந்தப் புகையை இழுத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சைப் பிடிக்கும். இருமல், காய்ச்சல் இருந்தால் இதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

சரி, கட்டிக்கு வருவோம். பாயிண்ட்டின் அடியில் ஒட்டியிருந்த செம்புத் தகடும் சேர்ந்து உருகியிருக்கிறது. வெண்காரம் மேலே மிதக்கும் ஆக்சைடைத்தான் வாங்கும், உள்ளே கரைந்த செம்பைத் தொடாது. அதைத் திராவகத்தில்தான் பிரிக்க வேண்டும்.

கட்டியை மீண்டும் உருக்கித் தண்ணீரில் ஊற்றிக் குருணையாக்குங்கள் (காட்மியம் மிச்சம் இருக்கலாம், புகைபோக்கியின் கீழ் மட்டும்). சம அளவு டிஸ்டில்டு வாட்டரில் நைட்ரிக் ஆசிட்டை ஊற்றி அதில் கரையுங்கள். கரையும்போது எழும் பழுப்புப் புகையும் விஷம்தான். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பே வெள்ளியைத் திரித்துவிடும். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் ஏமாந்தேன், பால் போல வெளுத்ததைப் பார்த்து ஆசிட் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன்!

தகரம் இருந்தால் வெள்ளைக் கூழாக அடியில் நிற்கும், வடிகட்டிவிடுங்கள். தெளிந்த நீல நீரில் உப்புக் கரைசல் விட்டால் வெள்ளி தயிர்போலத் திரிந்து இறங்கும். 100 கிராம் வெள்ளிக்குக் கணக்குப்படி 54 கிராம் உப்பு, கொஞ்சம் கூட இருக்கலாம். செம்பும் நிக்கலும் நீரிலேயே தங்கிவிடும். ஈயம் கூட இறங்கினாலும் கொதிநீரில் கரைந்து போகும்.

இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். இறங்கிய தயிரைக் கழுவி, கழுவிய நீரில் ஒரு துளி எடுத்து அம்மோனியா விட்டுப் பாருங்கள். நீலம் தெரிந்தால் செம்பு மிச்சம் இருக்கிறது, அது தெரியாமல் போகும் வரை கழுவிக்கொண்டே இருங்கள். அம்மோனியாவைத் தயிரில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், காய்ந்தால் வெடிக்கும். அப்புறம் தயிரைச் சூடான காஸ்டிக் சோடாவில் கறுப்பாக்கி, குளுக்கோஸ் சேர்த்தால் சாம்பல் நிறத்தில் வெள்ளித் தூள் நிற்கும். அதைக் கழுவி உலர்த்திய பிறகுதான் மூசை.

மிஞ்சிய நீல நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். பழைய இரும்பைப் போட்டால் செம்பு இறங்கும், காட்மியம் முழுதாக இறங்காது. கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.