கொல்லைப்புறக் குளமும் அருவியும்: கேட்டவர்களுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முதல் குளம் வெட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு தம்பி வீட்டில் ஒன்று, சம்பந்தி வீட்டில் ஒன்று. மூன்றும் என் கையால் வெட்டியவை. அதனால்தான் கேள்விகள் என்னிடம் வந்து சேருகின்றன. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்று நினைத்திருக்கிறேன். தண்ணீர் கசியாமல் குழிக்குள் போடும் விரிப்பு எவ்வளவு வாங்க வேண்டும்?

நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டுங்கள். ஓரத்தில் மடிக்கப் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் சேருங்கள். அகலத்துக்கும் அதே கணக்குதான். உங்களுக்கு 4.8 மீட்டருக்கு 3.8 மீட்டர் வரும். அருவிக்குத் தனித் துண்டு வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். கையில் காசு இருந்தால் 1 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பே வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் நம் வெயிலில் ஓரமாக வெடித்துவிடும். அடியில் பிடிம் துணி (விரிப்பைக் காக்கும் தடித்த செயற்கைத் துணி) போடுங்கள், இல்லையென்றால் பழைய கார்ப்பெட் போதும். கல், வேர் முனையெல்லாம் பொறுக்கி எடுத்த பிறகுதான் அதையும் விரிக்க வேண்டும்.

இன்னொன்று. விரிப்பு வாங்கும் முன்னால் தோட்டத்துக் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, குளத்தின் உருவத்தைச் சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு நாள் பாருங்கள். மாமரம், அவகாடோ மரத்தின் கீழே வேண்டவே வேண்டாம், இலை பொறுக்கியே ஓய்ந்துபோவீர்கள். கொல்லையின் தாழ்ந்த மூலையும் வேண்டாம். டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு பங்கு மழை வந்தாலும் மேட்டிலுள்ள உரமும் மண்ணும் நேராக உங்கள் குளத்தில்தான் இறங்கும்.

டோங்காட்டிலிருந்து ஒரு அக்கா: தினமும் இரண்டு விரல் தண்ணீர் குறைகிறது. விரிப்பு கிழிந்துவிட்டதா?

அக்கா, விரிப்பைக் குறை சொல்லும் முன்னால் அருவியைப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு ஒழுக்கு அங்கேதான். வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர், தெறிப்பு அதிகமானால் இன்னும் கொஞ்சம் குறையலாம். இரண்டு விரல் என்பது ஒழுக்குதான்.

இப்படிச் செய்யுங்கள். குளத்தை நிரப்பி, பம்பை நிறுத்தி, அருவித் தண்ணீர் இறங்கி முடிந்ததும், தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கல்லில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுங்கள். இரவு முழுக்கப் பம்பைப் போடாதீர்கள். மீன் இருந்தால் அவற்றுக்குக் காற்று போக வழி வைத்துவிட்டுச் செய்யுங்கள். காலையில் மட்டம் அப்படியே இருந்தால் குற்றம் அருவியில். இறங்கியிருந்தால் குளத்தில். அப்படியானால் தானாக எந்த மட்டத்தில் நிற்கிறதோ, ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

என் முதல் அருவியில் மூன்று வாரம் தேடினேன். கடைசியில் பம்பை மெதுவாக ஓடவிட்டு, மருந்துக் கடை ஊசிக்குழாயில் கொஞ்சம் பாலை எடுத்துக் கல் இடுக்குகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். ஓர் இடத்தில் மட்டும் அந்த வெள்ளைக் கோடு கீழே போகாமல், பக்கவாட்டில் திரும்பி ஒரு தட்டைக் கல்லின் அடிக்குள் நுழைந்து மறைந்தது. அங்கே விரிப்பின் ஓரம் ஒரு சென்டிமீட்டர் தணிந்து கிடந்தது. மண் கொட்டி உயர்த்தினேன், முடிந்துவிட்டது. கல்லுக்குப் பின்னால் விரிந்து இறுகும் கறுப்பு நுரை அடித்து அடைத்தால் தண்ணீர் கல்லின் அடியில் போகாமல் மேலே ஓடும். சாந்து பூசுபவர்கள் கவனியுங்கள். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், மீனுக்கு ஆகாது. சில நாள் நிரப்பி வைத்து வடித்துவிடுங்கள், இரண்டு மூன்று முறை.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன்: குளத்தின் நான்கு ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதை ரசமட்டத்தால் பார்க்காதீர்கள், டியூப் மட்டத்தால் பாருங்கள். தண்ணீர் நிறைந்த நீண்ட டியூப் பொய் சொல்லாது.

ஸ்டாங்கரிலிருந்து: பம்பு எவ்வளவு பெரிதாக வேண்டும்?

அருவியின் உதட்டை, அதாவது தண்ணீர் விழும் விளிம்பை, அளந்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மணிக்கு சுமார் 150 லிட்டர் விழுந்தால்தான் கண்ணாடித் தகடு மாதிரி இருக்கும். 30 சென்டிமீட்டர் உதடு என்றால் 4,500 லிட்டர். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரை உயர்த்தாமல் விட்டால் வருவது. உங்கள் அருவி ஒரு மீட்டர் உயரம் என்றால் அந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்று அட்டையில் உள்ள படத்தைப் பாருங்கள். மின்சாரத்தில் கஞ்சம் வேண்டாம். எர்த் லீக்கேஜ் (மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கும் கருவி) வழியாகத்தான் இணைப்பு வர வேண்டும், அதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

லோடுஷெடிங் (முறை வைத்து மின்சாரம் நிறுத்தும்) நேரத்தில் மீன்கள் என்ன ஆகும் அங்கிள்?

இரண்டு மணி நேரத்துக்கு, மீன் குறைவாக இருந்தால், ஒன்றும் ஆகாது. வெப்பமான இரவு, மீன் நெருக்கம், பாசி அதிகம் என்றால்தான் ஆபத்து. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். பம்பு நிற்கும்போது அருவியிலும் ஓடையிலும் உள்ள தண்ணீர் எல்லாம் கீழே இறங்கும். 6 சதுர மீட்டர் குளத்தில் 100 லிட்டர் இறங்கினால் மட்டம் சுமார் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஏறும். அதற்கு இடம் விட்டு நிரப்புங்கள். பல மணி நேரம் நின்றிருந்தால், வடிகட்டிக்குள் கெட்டுப்போன தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் பம்பைப் போடுங்கள்.

வெருலத்திலிருந்து ஓர் அம்மா: பக்கத்து வீட்டில் ஆகாயத்தாமரை தருகிறார்கள். வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. நாம் ஆகாயத்தாமரை என்று இரண்டு செடிகளைச் சொல்கிறோம், ஒன்று ஊதாப் பூ பூப்பது, இன்னொன்று முட்டைக்கோஸ் மாதிரி மிதப்பது. இரண்டுமே இங்கே சட்டத்தில் தடை செய்யப்பட்ட அந்நியச் செடிகள். பிரிட்டோரியாவுக்குப் பக்கத்து ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் ஊதாப் பூச் செடி பலமுறை தண்ணீரை மூடிப் படர்ந்திருக்கிறது. அதற்குப் பதில் நம் நீலக் குவளை வையுங்கள். தமிழில் குவளை என்று பாடிய அதே இனம் இந்த நாட்டு ஆறுகளிலும் இயற்கையாகப் பூக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில், சேற்றுத் தொட்டி, அசையாத தண்ணீர், இவை போதும். அருவி விழும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இலை கெட்டுவிடும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: நாங்களும் இப்படியே வெட்டலாமா?

நில்லுங்கள். லெனேசியாவின் சில பகுதிகள் டோலமைட் என்ற, தண்ணீரில் மெல்லக் கரையும் பாறை மேல் இருக்கின்றன. தண்ணீர் கசிந்து இறங்கினால் தரை உள்வாங்கும் அபாயம் உண்டு. மண்வெட்டியைத் தொடும் முன்னால் உங்கள் வீட்டு நிலத்தைப் பற்றி நகராட்சியில் கேளுங்கள். அதுவரை தரைக்கு மேலே ஒரு பெரிய தொட்டியும் அதில் ஒரு குவளையும் வைக்கலாம். குளிர்காலப் பனியில் இலை வாடினாலும் கிழங்கு பிழைக்கும், தொட்டி ஆழமாக இருந்தால்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. மாற்றிவிடவா?

மாற்றாதீர்கள். புதுக் குளம் சில வாரம் பச்சையாகத்தான் இருக்கும். மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. செடிகள் பாதிப் பரப்பை மூடட்டும்.

மெர்பேங்கிலிருந்து ஒரு பாட்டி: பேரன் தவழ்கிறான். பயமாக இருக்கிறது.

பயப்படுவதுதான் சரி. குழந்தை மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், நொடியில் நடந்துவிடும். அவன் ஐந்து வயது தாண்டும்வரை குளத்தைச் சுற்றித் தானாக மூடிக்கொள்ளும் கதவு உள்ள வேலி போடுங்கள். அதோடு தண்ணீர்ப் பரப்புக்குச் சற்றுக் கீழே உறுதியான இரும்பு வலையும் வேண்டும், ஒரு பெரியவர் ஏறி நின்றாலும் தொய்யாத அளவுக்கு. வேலி போட வசதியில்லையென்றால் இப்போது குளம் வேண்டாம். அருவி மட்டும் வைக்கலாம், தண்ணீர் கூழாங்கல்லுக்கு அடியில் உள்ள மூடிய தொட்டியில் இறங்கட்டும். அவன் கையை நனைத்து விளையாடுவான்.

மீன் எப்போது விடலாம்?

நிரப்பிய மறுநாளே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முறிக்கும் மருந்து விடுங்கள். செடி வைத்து, பம்பு ஓடவிட்டு, நான்கைந்து வாரம் காத்திருந்து, முதலில் இரண்டு மீன் மட்டும் விடுங்கள். இடையிடையே அம்மோனியா சோதனைக் குச்சியால் பாருங்கள், பூச்சியம் காட்டினால் இன்னும் இரண்டு.