பந்தயக் கார் அணி எப்படி வளர்கிறது? – வாசகர் கேள்வி பதில்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி: என் மகன் டீசல் மெக்கானிக் படிப்பை முடித்து, நான்கு ஆண்டுகளாக விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்து வருகிறான். இப்போது கார்ப் பந்தய அணி ஒன்றில் சேர வேண்டும் என்கிறான். பேரும் பணமும் ஓட்டுபவருக்குத்தானே என்று அவன் தந்தை மறுக்கிறார். அணி என்பது உண்மையில் எது? அது எப்படி வளர்கிறது?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் கரையில் நடக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். படகுகள் கரையேறுகின்றன, எஞ்சின் பிரிக்கப்படுகிறது, இற்றுப்போன பலகைகள் மாற்றப்பட்டு வர்ணம் பூசப்படுகிறது. தடை நீங்கியதும் கடலுக்குள் போகும் படகு நடுக்கடலில் நின்றுவிடாமல் திரும்புமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களில்தான் தீர்மானமாகிறது. பந்தய அணியும் அப்படிப்பட்டதே. நாம் தொலைக்காட்சியில் காண்பது மீன்பாட்டை, அதாவது பிடித்து வந்த மீனை மட்டும். அணி உருவாவது பட்டறையில்.

பிரிட்டனின் பிராங்க் வில்லியம்ஸ் பல ஆண்டுகள் பணமில்லாமல் தடுமாறிய பின், 1977-ஆம் ஆண்டில் பேட்ரிக் ஹெட் என்ற பொறியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, டிட்காட் என்ற ஊரில் காலியாகக் கிடந்த கம்பளக் கிடங்கு ஒன்றில், உலகின் உச்சக் கார்ப் பந்தயமான ஃபார்முலா ஒன்றுக்கென்று புதிய அணியைத் தொடங்கினார். முதல் ஆண்டில் அவர்கள் ஓட்டியது பிறரிடம் வாங்கிய கார். 1978-இல் சொந்தக் கார், அதுவும் ஒன்றே ஒன்று. 1979-இல் இரண்டு கார்கள். அந்த ஆண்டு பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் முதல் வெற்றி. 1980-இல் உலக சாம்பியன் பட்டம். படிகள் எவ்வளவு சிறியவை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஆனால் அந்த அணி முழுதாக வளர்ந்துவிட்டதற்கு நான் காட்டும் சான்று 1980 அன்று, 1986. அந்த ஆண்டு மார்ச் மாதம் பிரான்ஸில் நேர்ந்த சாலை விபத்தில் வில்லியம்ஸின் உடல் செயலிழந்தது. உரிமையாளர் மருத்துவமனையில் படுத்திருந்த அதே ஆண்டில், அணிகளுக்கான உலகப் பட்டத்தை அவருடைய பட்டறை வென்றது. ஒருவர் இல்லாதபோதும் வேலை அதே தரத்தில் நடக்கிறதென்றால், அதைத்தான் தொழில்முறை அணி என்று சொல்ல வேண்டும்.

நம் காலத்துச் சான்றும் உண்டு. நடிகர் அஜித்குமார் 2024-இல் அறிவித்த அணி, 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. புதிய அணி தனியாக அங்கே போகவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த, அனுபவம் மிக்க பாஸ் கூட்டன் ரேசிங் என்ற அணியோடு இணைந்து இறங்கியது. பெரிய படகில் சில ஆண்டுகள் தொழில் பழகிய பிறகு சொந்தப் படகு இறக்கும் வழக்கத்தை அறிந்த உங்களுக்கு இதன் நியாயம் புரியும்.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்வேன். படகில் பாகம் கெட்ட பிறகு மாற்றுகிறோம். பந்தய அணியில் ஒவ்வொரு பாகமும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கு வைத்து, அதன் ஆயுள் முடிந்ததும், பழுது எதுவும் தெரியாவிட்டாலும் கழற்றிவிடுகிறார்கள். எந்த போல்ட் எந்த அளவு முறுக்கப்பட்டது, யார் முறுக்கினார், யார் சரிபார்த்தார் என்பதையெல்லாம் எழுதி வைக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை அவர் இன்றே, தான் பார்க்கும் படகு எஞ்சின்களிலேயே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். உப்புக்காற்று உலோகத்தை எப்படி அரிக்கும் என்பதை நேரில் கண்டு பழகிய கண் அவருக்கு இருக்கிறது; அதைக் குறைவாக எண்ண வேண்டாம். அடுத்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் தேசியப் போட்டிகள் நடக்கும் நாட்களில் நேரில் சென்று அணிகளின் பட்டறைப் பகுதியைப் பார்க்க முயலட்டும். செட்டிபாளையத் தடம், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை நம் நாட்டிலேயே உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் பெற்றவர் ஓட்டுநர் மட்டும்தானா என்ற உங்கள் கணவரின் கேள்விக்கு அந்தப் பெயர்ப் பலகையே பதில்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஜோர்டான் அணி இப்போது இருக்கிறதா?

பதில்: பெயர் இல்லை, அணி இருக்கிறது. எடி ஜோர்டான் 1991-இல் ஃபார்முலா ஒன்றுக்குக் கொண்டுவந்த அந்த அணி, நரேன் ஓட்டிய ஆண்டின் தொடக்கத்திலேயே கைமாறியது. 2006-இல் மிட்லாண்ட், பிறகு ஸ்பைக்கர், 2008-இல் நம்மவர் ஒருவர் பங்குதாரராக இருந்த ஃபோர்ஸ் இந்தியா, 2018-இல் ரேசிங் பாயிண்ட், 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின் என்று அது பெயர் மாறி வந்திருக்கிறது. ஆயினும் சில்வர்ஸ்டோன் தடத்தின் எதிரிலுள்ள அதே இடத்தில்தான் வேலை தொடர்ந்தது. சம்மாட்டி (படகு உரிமையாளர்) மாறினாலும் படகும் அதில் பழகிய ஆட்களும் மாறாதது போலத்தான். கோவைப் பையன் ஒருவன் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக அமர்ந்த இடம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்: பரிசுத் தொகையை வைத்தே ஓர் அணியை நடத்த முடியுமா?

பதில்: பெரும்பாலான போட்டிகளில் முடியாது. விளம்பரதாரர் தரும் தொகை, இருக்கைக்காக ஓட்டுநர் கொண்டுவரும் பணம், பிறருடைய கார்களைப் பராமரித்து ஓடவைப்பதற்கான கட்டணம் ஆகியவற்றால்தான் அணி நடக்கிறது. மூன்றாவது வகையே நிலையானது என்பது என் கருத்து. விளம்பரதாரர் ஓர் ஆண்டில் விலகலாம், பட்டறையின் நற்பெயர் அப்படி விலகாது. பணம் பெருகினால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். ஃபார்முலா ஒன்றில் செல்வந்த அணிகள் அளவின்றிச் செலவழித்ததால், 2021-இல் அடிப்படையாக 14.5 கோடி டாலர் என்று ஆண்டுச் செலவுக்கே வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று.

இராமேசுவரத்திலிருந்து ஒரு வாசகி: தனுஷ்கோடிச் சாலையில் இளைஞர்கள் இரவில் வண்டிகளை விரட்டிவிட்டு, பந்தயப் பயிற்சி என்கிறார்கள். சரிதானா?

பதில்: சரியில்லை, சகோதரி. தடத்தில் தலைக்கவசம், தீத்தடுப்பு உடை, வளைவுதோறும் கொடியோடு நிற்கும் மார்ஷல்கள் என்ற பாதுகாப்புப் பணியாளர்கள், மருத்துவர், ஆம்புலன்ஸ், தவறினால் வண்டி நின்று அடங்குவதற்கான வெற்றிடம் என எல்லாம் ஆயத்தமான பிறகே முதல் கார் வெளியே விடப்படுகிறது. அரிச்சல்முனைக்குப் போகும் சாலையிலோ இருபுறமும் கடல், காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், எதிரே குடும்பத்தோடு வரும் யாத்திரிகர் வேன். வேகத்தில் உண்மையான விருப்பமுள்ள பிள்ளைகள் என்றால், தேசியப் போட்டிகளில் மார்ஷலாகத் தொண்டு செய்ய விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கொடி பிடித்து நிற்கும் இரண்டு நாட்களில், ஒரு விபத்தைக் கையாள எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்பதை அவர்கள் கண்ணால் காண்பார்கள்.