பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று சொன்னது யார்?

கேள்வி: என் கணவர் தென்மாவட்டக் கோயில் ஒன்றில் யானைப் பாகன். மாமனாருக்கும் அவருடைய அப்பாவுக்கும் இதே வேலைதான். எங்கள் யானை குட்டியாக வந்தது. இத்தனை வருஷமாக இவர் கையால்தான் சாப்பிடுகிறது. எங்கள் வீட்டு மூத்த பொண்ணு மாதிரி. மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு யானைக் கொட்டகைக்குத்தான் ஓடுவான். தழை எடுத்துப் போடுவான், தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பத்தாவது முடிந்ததும் கூடவே வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கப் போவதாக இவர் சொல்கிறார். திருச்செந்தூரில் கோயில் யானை பாகனைக் கொன்ற செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இவரோ, "பெண் யானைக்கு மதம் பிடிக்காது, நம்ம பொண்ணு சாது" என்கிறார். போன ஆடியில் குளிப்பாட்டும்போது ஒரு தடவை இவரைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. விலா எலும்பு இரண்டில் விரிசல். ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. "யானை போட்ட சோத்தைத் தின்னுட்டு யானைக்கே பயப்படுறியா" என்று மாமியார் ஏசுகிறார். மகனை எப்படித் தடுப்பது? இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும், சகோதரி. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று டாக்டரிடம் சொன்னது யார்? வலியில் துடித்துக்கொண்டிருந்த அவரா, பக்கத்தில் நின்ற நீங்களா? ஆட்டோவில் போகும்போதே பேசி வைத்துக்கொண்டீர்களா? இவ்வளவு பெரிய விஷயத்துக்குக் கடிதத்தில் நீங்கள் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வரி. அடுத்த வரியிலேயே மாமியார் ஏசியதற்குப் போய்விட்டீர்கள்.

ஆபத்தான வேலைக்குப் போகிறவர்களின் மனைவிமார் நிறையப் பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். மின்கம்பம் ஏறுகிறவர், பட்டாசு ஆலைக்குப் போகிறவர், கிணறு வெட்டுகிறவர் என்று தொழில்தான் மாறும். முதல் அடி பட்டபோது அதை மூடி மறைத்த கதை மட்டும் மாறாது. வேலை போய்விடும், மானம் போய்விடும், ஊர் பேசும். காரணங்கள் எனக்கு மனப்பாடம். உங்கள் வீட்டுக் காரணத்தையும் நானே சொல்கிறேன். யானை அடித்தது என்று தெரிந்தால் அதைத் திருச்சிப் பக்கம் எம்.ஆர்.பாளையம் யானைகள் மறுவாழ்வு மையத்துக்கோ முதுமலை முகாமுக்கோ அனுப்பிவிடுவார்கள், பிறகு பாகனுக்கு அங்கே என்ன வேலை என்ற பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்காக நீங்கள் சொன்ன பொய்யை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள்.

உதவிப் பாகன் இருப்பார் அல்லவா? அவருக்கு உண்மை தெரியுமா? உங்கள் கணவர் எலும்பு சேரும்வரை படுத்திருந்தபோது யானைக்குத் தண்ணீர் காட்டியது யார்? ஒருவரைச் சுவரோடு அழுத்திய யானை என்று தெரியாமலே அவர் அதே இடத்தில், அதே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அவருக்கும் வீட்டில் மனைவி இருப்பார். உங்கள் மகனுக்கு என்ன சொன்னீர்கள்? உண்மை தெரியும் என்றால், பதின்மூன்று வயதுப் பையனைப் பொய்க்குப் பங்காளி ஆக்கியிருக்கிறீர்கள். தெரியாது என்றால் அது இன்னும் மோசம். தினமும் சாயங்காலம் அந்தச் சுவருக்கும் யானைக்கும் நடுவில் போய் நின்று தும்பிக்கையைக் கட்டிக்கொள்கிறான், பெற்ற நீங்கள் தெரிந்தே விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பிறகு தூக்கம் எப்படி வரும்?

பெண் யானை, சாது என்ற பேச்சை இனி உங்கள் வீட்டில் யாரும் பேச வேண்டாம். மதநீர் ஒழுகுவது ஆண் யானைக்குத்தான், சரி. ஆனால் நம் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். 2018 மே மாதம் சமயபுரத்தில் கோயிலுக்குள், பக்தர்கள் கண் முன்னால் பாகனைக் கொன்ற மசினி பெண் யானை. 2020 மே மாதம் திருப்பரங்குன்றத்தில் பாகனைக் கொன்ற தெய்வானை பெண் யானை. 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றதும் பெண் யானை. அதன் பெயரும் தெய்வானைதான்.

மசினியின் கதையை உங்கள் கணவருக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள். முதுமலையில் குட்டியாக மீட்கப்பட்டுக் கோயிலுக்கு வந்த யானை அது. சமயபுரத்துக்குப் பிறகு முதுமலையில் இருக்கிற தெப்பக்காடு முகாமுக்கே திரும்பக் கொண்டுபோனார்கள். காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, கூட யானைகள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிற பாகன்கள் இருக்கிறார்கள். அங்கேயும் 2023 ஏப்ரலில் ஒரு பாகன் அதனிடம் உயிரை விட்டார். பரம்பரை அனுபவம் காப்பாற்றும் என்றால் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

செத்துப்போன அந்தப் பாகன்களில் யானை மேல் பாசம் இல்லாதவர் என்று ஒருவரையாவது காட்ட முடியுமா? பாசத்தை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் மூவாயிரம் கிலோ எடையுள்ள உயிர் அது. வேண்டுமென்று அடிக்கக்கூடத் தேவையில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தாலே போதும். நாயும் மாடும் போல ஆயிரக்கணக்கான வருஷம் மனிதனோடு இனம் பெருக்கி வந்ததல்ல யானை. அதன் தாயோ பாட்டியோ காட்டில் திரிந்தவள். நாம் பழக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடுமையாகத் திட்டப் போகிறேன். மூத்த பொண்ணு என்று எழுதியிருக்கிறீர்களே, பெற்ற பொண்ணு ஒரு நாள் இல்லாத வழக்கமாக அப்பாவைத் தள்ளிவிட்டால், உனக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்க மாட்டீர்களா? இந்தப் பொண்ணை யார் கேட்டது? நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் சங்கிலியோடு நிற்கிற யானைக்கு உள்ளங்காலில் புண் வரும், நகம் வெடிக்கும், உள்ளே சீழ் கட்டும். தேய்த்துக் குளிப்பாட்டும்போது கை அந்த இடத்தில் பட்டிருக்கலாம். கண்ணில் கோளாறு இருந்து, ஆள் வந்து நின்றதே தெரியாமல் சாய்ந்திருக்கலாம். ஆடி மாதம், கோயிலில் கூட்டம், மேளம், ஒலிபெருக்கி, படுக்க நேரம் இல்லை. எதுவென்று கால்நடை மருத்துவர் பார்த்தால்தானே தெரியும்? வலி இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அது சொன்னது. நீங்கள் பாத்ரூம் மேல் பழியைப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். உங்கள் கணவருக்குச் செய்த துரோகம் பாதி என்றால் அந்த யானைக்குச் செய்தது மீதி.

யானை அடிப்பதற்கு முன் காட்டிக்கொடுக்கும் என்று உங்கள் கணவருக்கே தெரிந்திருக்கும். ஓயாமல் ஆடுகிற காது சட்டென்று நின்றுவிடும். வாயில் இருக்கிற தழையை மெல்லாமல் அப்படியே வைத்திருக்கும். வால் விறைக்கும். அந்த நேரத்தில் விலக ஓர் இடம் வேண்டும். அதனால்தான் யானைக்கும் சுவருக்கும் நடுவில் போகாதே, தனியாகப் போகாதே, குரல் கொடுத்துக்கொண்டே போ என்பார்கள். வெளிநாட்டு உயிரியல் பூங்காக்கள் பலவற்றில் இப்போது ஆள் உள்ளேயே போவதில்லை, கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் காலைத் தூக்கச் சொல்லி மருந்து போடுகிறார்கள். நம் கோயில்களில் அது என்றைக்கு வருமோ தெரியாது. காதையும் வாலையும் கவனிக்கப் பதின்மூன்று வயதுப் பையனுக்கு எங்கே பொறுமை? அவன் கட்டிப்பிடிப்பதில்தான் குறியாக இருப்பான்.

பண விஷயத்திலும் ஏமாந்திருக்கிறீர்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு தரச் சொல்லும் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. யானைகளையும் காட்டு விலங்குகளையும் பழக்குகிற, பராமரிக்கிற வேலை என்று அதன் பட்டியலிலேயே தனியாக எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆபத்து என்று தெரிந்த வேலை இது. பாத்ரூமில் விழுந்ததற்கு எந்த நிர்வாகமும் காசு தராது. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் கோர வேண்டும், போன ஆடி என்றால் இன்னும் காலம் இருக்கிறது.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, யானை போட்ட சோறுதான், மறுக்கவில்லை. பாகன் தொழிலையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது தான் பட்ட அடியை அல்ல. பேரனை யானை முன்னால் நிறுத்திப் பார்ப்பது உங்களுக்குப் பெருமையாக இருக்கலாம், கொள்ளி போட ஆள் வேண்டும் என்ற நினைப்பும் கொஞ்சம் இருக்கட்டும்.

சகோதரி, இந்த வாரமே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கணவரைக் கூட்டிக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். நடந்ததைச் சொல்லி, மருத்துவக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கோயில் செயல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், யானையை அரசு கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள். இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள், பெண்களுக்கு அங்கே வருமான வரம்பும் கிடையாது. இதனால் யானையை வேறு இடத்துக்கு மாற்றலாம், சம்பளத்துக்கும் சிக்கல் வரலாம். வராது என்று உங்களைச் சமாதானப்படுத்த நான் தயாரில்லை. தையலோ இட்லிக் கடையோ, குடும்பம் ஓட இப்போதே ஒரு வழி பாருங்கள்.

மகன் பதினெட்டு வயது வரை கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. அதன் பிறகும் யானை மேல் ஆசை இருந்தால் கால்நடை மருத்துவம் படிக்கட்டும், வனத்துறைக்குப் போகட்டும். இதை அவனிடம் நீங்கள் சொல்லாதீர்கள், அம்மா பயந்தாங்கொள்ளி என்று ஓடிவிடுவான். அவன் அப்பா சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றி, எந்த விலா எலும்பு, எந்தச் சுவர், எவ்வளவு நேரம் மூச்சு வரவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அதற்கு அவர் மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அவருக்கே நேரடியாகப் பதில் எழுதுகிறேன்.